எடின்பரோவில் ஒரே ஒரு நாள்: கோட்டையா, மலையா, முடுக்குகளா?

ஸ்காட்லாந்துக்குப் படிக்க வருபவர்கள் முதல் பருவத்தில் எப்படியும் ஒரு சனிக்கிழமையை எடின்பரோவுக்கு ஒதுக்குவார்கள். கிளாஸ்கோவில் எங்கள் நண்பர் குழுவில் அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஒரே விவாதம்தான் ஓடும். கோட்டைக்குள் போவதா, ஆர்தர்ஸ் சீட் மலை ஏறுவதா, பழைய நகரத்தில் தெருத் தெருவாகச் சுற்றுவதா? மூன்றையும் பார்த்துவிடலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பார்க்கலாம்தான், மாலையில் கால்வலி மட்டும்தான் நினைவில் நிற்கும்.

என் ஓட்டு தெருக்களுக்கு. கோட்டையை வெளியிலிருந்து பார்த்தால் போதும். நுழைவுச்சீட்டுக் காசையும் உள்ளே கரையும் மூன்று மணி நேரத்தையும் மிச்சம் பிடித்து, பழைய நகரத்தின் முடுக்குகளுக்கும் இலவச அருங்காட்சியகத்துக்கும் கொடுக்கலாம். ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. அம்மா அப்பாவோடு போகிறவருக்கு வேறு பதில், நடுங்கும் டிசம்பரில் போகிறவருக்கு வேறு பதில்.

போக்குவரத்தில் பெரிய குழப்பம் இல்லை. கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து எடின்பரோ வேவர்லிக்கு ரயிலில் ஏறக்குறைய 50 நிமிடம். 16 முதல் 25 வயதுக்கான ரயில் அட்டை இருந்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். முழுநேர மாணவராக இருந்தால் 25 வயது கடந்தவர்களும் அதை வாங்கலாம் என்பது நம் முதுகலைக் கூட்டத்தில் பலருக்குத் தெரியாது. பேருந்து மெதுவாகப் போகும், மலிவு. ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் 22 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 2022 ஜனவரியிலிருந்து பேருந்துப் பயணம் இலவசம். இளங்கலை படிக்கும் தம்பி தங்கைகள் அதற்கான அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டு, அண்ணன்மார் ரயிலுக்குக் காசு கொடுப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம்.

ஊர் எப்படிப் படுத்திருக்கிறது

முடிவெடுக்கும் முன் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். கோட்டை நிற்கும் பாறை, அணைந்துபோன எரிமலையின் அடைப்பு. பனியூழிக் காலத்தில் மேற்கிலிருந்து நகர்ந்து வந்த பனியாறு இந்தக் கெட்டிப் பாறையில் மோதிப் பிளந்து இரு பக்கமும் அரித்துக்கொண்டு போனது. பாறைக்குப் பின்னால் கிழக்கே மட்டும் மண்ணும் கல்லும் நீண்ட சரிவாகத் தப்பின. அந்தச் சரிவின் முதுகில் ஓடுவதுதான் ராயல் மைல். மேலே கோட்டை, கீழே ஹோலிரூட் அரண்மனை, இடையில் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். இந்த முதுகெலும்பிலிருந்து இரு பக்கமும் மீன்முள் போல இறங்குகின்றன, இங்கே குளோஸ் என்று அழைக்கப்படும் ஒடுக்கமான முடுக்குகள்.

வடக்கே பள்ளத்தில் இருந்த நார் லாக் என்ற ஏரியை வடித்துவிட்டார்கள். இப்போது அங்கே பூங்காவும் ரயில் பாதையும். அதற்கு அப்பால் 1767இல் ஜேம்ஸ் கிரெய்க் வகுத்த திட்டப்படி எழுந்த புதிய நகரம், கோடு போட்டாற்போல நேர்த் தெருக்களோடு. அங்கே அடித்தளம் தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் இரண்டு நகரங்களையும் இணைக்கும் மவுண்ட் என்ற மேட்டை உண்டாக்கினார்கள். இரண்டும் சேர்ந்து 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

தெற்கே உள்ள பள்ளத்தை பாலங்கள் கடக்கின்றன. 1788இல் திறந்த சவுத் பிரிட்ஜுக்கு 19 வளைவுகள். கௌகேட் தெருவைத் தாண்டும் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும், மீதி எல்லாம் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. மேலே நடப்பவருக்குத் தான் பாலத்தின் மேல் நடக்கிறோம் என்பதே தெரியாது. கைப்பேசி வரைபடத்தில் இரண்டு தெருக்கள் வெட்டிக்கொள்வதாகக் காட்டும். போய்ப் பார்த்தால் ஒன்று இன்னொன்றுக்குப் பல மாடி கீழே ஓடும். வரைபடம் பத்து நிமிடம் என்று சொன்னால் படிக்கட்டுக்கும் சேர்த்துப் பதினைந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை

நுழைவுக்கட்டணம் 20 பவுண்டை ஒட்டி இருக்கும். இணையத்தில் முன்பதிவு செய்தால் சற்றுக் குறையும். மாணவருக்கு அது சில நாள் மளிகைச் செலவு.

கொடுத்த காசுக்கு உள்ளே சரக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித மார்கரெட் சிற்றாலயம், ஊரிலேயே பழைய கட்டடம். 15ஆம் நூற்றாண்டின் மான்ஸ் மெக் பீரங்கி, எடை ஆறு டன். ஸ்காட்லாந்தின் மணிமுடியும் செங்கோலும் வாளும் இங்கேதான். 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு இவற்றை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி அறையையே அடைத்துவிட்டார்கள். 1818இல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் தலைமையில் போய் உடைத்துப் பார்த்தபோது எல்லாம் வைத்தபடியே இருந்தன. மன்னர்கள் முடிசூடும்போது பயன்படும் விதிக்கல்லையும் இங்கே பார்க்கலாம் என்று பழைய பயணக் குறிப்புகள் சொல்லும். அது 2024இல் பெர்த் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அதற்காகவே கோட்டைக்குப் போக நினைத்தவர்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது கோட்டைக்குள்ளேயே இருக்கும் போர் அருங்காட்சியகம். இலங்கையில் இருந்த 78ஆம் ஹைலேண்டர் படை திரும்பி வரும்போது ஒரு யானையையும் கூட்டி வந்தது. 1830களில் இந்தக் கோட்டையில் வாழ்ந்த அந்த யானைக்குப் பாகனோடு சேர்ந்து பியர் குடிக்கும் பழக்கம் வந்துவிட்டதாம். அதன் கால்நகங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக் குளிரில் ஓர் இலங்கை யானை என்ன பாடு பட்டதோ.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் கோட்டையை இரண்டாவதாக வைக்கிறேன்? நேரம்தான் காரணம். பாதுகாப்புச் சோதனை, மணிமுடி அறைக்கு வரிசை, ஏற்றம், நினைவுப்பொருள் கடை என்று மூன்று மணி நேரம் போய்விடும். வெளியே வரும்போது மதியம் தாண்டியிருக்கும். அப்புறம், கோட்டையின் மிக அழகான காட்சி கோட்டைக்குள் கிடைக்காது. கிராஸ்மார்க்கெட் சதுக்கத்திலிருந்து வெனல் என்ற படிக்கட்டில் ஏறித் திரும்பிப் பாருங்கள். பாறையும் சுவரும் ஒன்றாக எழும்பி நிற்கும். காசு கிடையாது. பகல் ஒரு மணிக்குக் கோட்டையிலிருந்து சுடும் பீரங்கியும் அப்படித்தான். துறைமுகத்துக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள 1861இல் தொடங்கிய வழக்கம் இது. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் நின்றாலே கேட்கும். புதிதாக வந்தவர்கள் துள்ளிக் குதிப்பதைப் பார்ப்பது தனி வேடிக்கை.

ஊரிலிருந்து பெற்றோர் பட்டமளிப்புக்கு வந்தால் மட்டும் யோசிக்காமல் கோட்டைக்கு அழைத்துப் போங்கள். அவ்வளவு தூரம் விமானத்தில் வந்தவர்களிடம் "வெளியிலிருந்து பார்த்தால் போதும்" என்று சொன்னால் அப்பா ஒத்துக்கொள்வார், அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். அப்போது கோட்டையோடு நிறுத்துங்கள். அதே நாளில் ஹோலிரூட் அரண்மனைக்கும் சீட்டு வாங்குவது காசுக்கும் காலுக்கும் கேடு.

மலை

ஆர்தர்ஸ் சீட் 251 மீட்டர்தான். நம் பக்கத்து மலைக்கோயில்களுக்குப் படியேறிப் பழகியவர்களுக்கு உயரம் ஒரு பொருட்டில்லை, காற்றுதான் பொருட்டு. உச்சியில் ஆளைத் தள்ளும். வழுக்கும் பாறையில் அழகுச் செருப்போடு ஏறி இறங்கத் திணறுபவர்களை எப்போதும் பார்க்கலாம். ராயல் மைலின் அடிவாரத்திலிருந்து ஏறி இறங்க நிதானமாக இரண்டு முதல் இரண்டரை மணி நேரம்.

நிலவியல் படிப்பவர்களுக்கு இது யாத்திரைத் தலம். மலையை ஒட்டிய சாலிஸ்பரி கிராக்ஸ் செங்குத்துப் பாறைகளைப் பார்த்துத்தான் நிலவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன், உருகிய பாறை கீழிருந்து எழும்பிப் படிவுப் பாறைகளுக்குள் புகுந்திருக்கிறது என்று வாதிட்டார். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்று பலர் நம்பிய காலம் அது. பாறைக்கு அடியில் செல்லும் ராடிகல் ரோடு நடைபாதை, கற்கள் சரிந்ததால் 2018இல் மூடப்பட்டது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நடங்கள்.

வானம் தெளிந்த வசந்த நாளில், நல்ல காலணியோடு, நகரத்தைவிட மலையே பிடிக்கும் என்றால் தாராளமாக ஏறுங்கள். வெறும் படத்துக்காக என்றால் கால்டன் ஹில் போதும். வேவர்லி நிலையத்திலிருந்து கால் மணி நேரம். மேலே ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைப் பார்த்து 1826இல் கட்டத் தொடங்கிய தேசிய நினைவுச்சின்னம் நிற்கிறது. 1829இல் பணம் தீர்ந்து 12 தூண்களோடு நின்றுவிட்டது. முழுதாகக் கட்டியிருந்தால் இவ்வளவு பேர் ஏறி வந்து பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

முடுக்குகளும் கல்லறையும்

இனி என் கட்சி. பழைய நகரம் மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்த காலத்தில் பக்கவாட்டில் இடமில்லாமல் மேல்நோக்கி வளர்ந்தது. சரிவில் கட்டியதால் முன்பக்கம் ஐந்தாறு மாடியாகத் தெரியும் வீடு பின்பக்கம் பத்தைத் தாண்டும். பணக்காரரும் ஏழையும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். கழிவுநீரைச் சன்னலிலிருந்து தெருவில் கொட்டினார்கள். பிறகு வசதி படைத்தவர்கள் புதிய நகரத்துக்குக் குடிபோனதும் இந்த முடுக்குகள் சேரிகளாயின.

இந்தக் கதை முடுக்குக்குள் நுழைந்தால்தான் புரியும். அட்வொகேட்ஸ் குளோஸில் நின்று வடக்கே பார்த்தால், இரண்டு சுவர்களுக்கு இடையே ஸ்காட் நினைவுக் கோபுரம் மட்டும் தெரியும். கீழே கேனன்கேட் பக்கம் டன்பார்ஸ் குளோஸுக்குள் 17ஆம் நூற்றாண்டுப் பாணியில் அமைத்த சிறு தோட்டம் இருக்கிறது. வாசலைக் கடந்து போகிற நூறு பேரில் ஓரிருவர்தான் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். டப்பாவில் கட்டிக்கொண்டு வந்த தயிர்ச்சாதத்தைச் சாப்பிட இதைவிட நல்ல பெஞ்சு ஊரில் கிடையாது. பக்கத்துக் கேனன்கேட் கல்லறையில் ஆடம் ஸ்மித் படுத்திருக்கிறார். பொருளாதாரம் படிப்பவர்கள் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போகலாம்.

மேலே லான்மார்க்கெட் பகுதியில் உள்ள ஜேம்ஸ் கோர்ட்டும் ரிடில்ஸ் கோர்ட்டும் தமிழ் மாணவர் கட்டாயம் நிற்க வேண்டிய முற்றங்கள். காரணம் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ். சேரியாகிவிட்ட ஜேம்ஸ் கோர்ட்டுக்கு 1880களில் மனைவி ஆனாவோடு குடிவந்து, இடிக்க வேண்டிய சிலவற்றை மட்டும் இடித்து, வெள்ளையடித்து, கிடைத்த மூலையில் செடி வைத்து, முடுக்கு முடுக்காகச் சீர்செய்தவர். மாணவர்கள் தாங்களே நிர்வகிக்கும் விடுதியை 1887இல் தொடங்கியவரும் அவரே. ரிடில்ஸ் கோர்ட்டும் ஒரு காலத்தில் அவருடைய மாணவர் விடுதியாக இருந்தது.

1914இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அவரை அழைத்தார். கெடிஸ் தனியே கிளம்ப, அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் படங்களும் வரைபடங்களும் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் ஏறின. அந்தக் கப்பலை எம்டன் மூழ்கடித்தது. ஆமாம், அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைமீது குண்டு போட்ட அதே எம்டன்தான். கெடிஸ் தளரவில்லை. புதிதாகச் சேகரித்த படங்களோடு சென்னையில் கண்காட்சி வைத்தார். 1915இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளி அகலச் சாலை போடும் திட்டங்களை எதிர்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே சிறு திறந்தவெளி விட்டு, மரம் வைத்தால் போதும் என்றார். அந்த யோசனைக்குப் பாடம் படித்த இடம் இந்த முற்றங்கள்தான். மதுரையில் மாசி வீதிக்குப் பின்னால் வளர்ந்தவர்கள் ஜேம்ஸ் கோர்ட்டில் நின்றால், இவருக்கு நம் ஊர் ஏன் பிடித்தது என்பதற்கு விளக்கம் தேவைப்படாது.

அங்கிருந்து ஜார்ஜ் IV பிரிட்ஜ் வழியாகத் தெற்கே நடந்தால் கிரேஃபிரையர்ஸ் கல்லறை. எஜமானரின் கல்லறையைப் பல ஆண்டுகள் காத்ததாகச் சொல்லப்படும் பாபி என்ற நாயின் சிலையைச் சுற்றித்தான் கூட்டம். மூக்கைத் தடவித் தடவித் தேய்த்துவிட்டார்கள். தயவுசெய்து நீங்களும் தேய்க்க வேண்டாம். உள்ளே சில கல்லறைகள்மீது கனத்த இரும்புக் கூண்டுகள் இருக்கும். மருத்துவப் படிப்புக்குச் சடலம் போதாத காலத்தில், புதைத்த உடலைத் தோண்டி விற்பவர்களிடமிருந்து காக்கப் போட்டவை. 1828இல் பர்க், ஹேர் என்ற இருவருக்குத் தோண்டும் சிரமம்கூட வேண்டியிருக்கவில்லை. 16 பேரைக் கொன்று உடற்கூறு ஆசிரியருக்கு விற்றார்கள். தூக்கிலிடப்பட்ட பர்க்கின் எலும்புக்கூடு இன்றும் பல்கலைக்கழக உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. மலைப் பாறையைப் படித்த ஹட்டனும் இந்தக் கிரேஃபிரையர்ஸில்தான் அடக்கம். மலை ஏற முடியாதவர்கள் அவரை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

கல்லறையிலிருந்து சில அடி தள்ளி ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம். இலவசம். திமிங்கலப் பல்லிலும் வால்ரஸ் தந்தத்திலும் செதுக்கிய லூயிஸ் சதுரங்கக் காய்களில் 11 இங்கே உள்ளன. 1996இல் எடின்பரோவுக்கு அருகே பிறந்த குளோனிங் ஆடு டாலியும் இங்கேதான், பாடம் செய்து கண்ணாடிக்குள் நிற்கிறது. உயிரித் தொழில்நுட்பம் படிப்பவர்கள் அதனோடு படம் எடுக்காமல் வெளியே வந்ததை நான் பார்த்ததில்லை. கூரைத் தளத்துக்கு மின்தூக்கியில் போனால் கோட்டை நேரெதிரே. கோட்டைக்குள் போகாதவர்களுக்கு அது போதும்.

இந்தப் பக்கம் சுற்றும்போது இலவச நடைச்சுற்றுலா என்ற குடைகள் கண்ணில் படும். வழிகாட்டிகள் அன்பளிப்பை நம்பித்தான் பிழைக்கிறார்கள், ஒன்றும் கொடுக்காமல் நழுவுவது அழகில்லை. மேரி கிங்ஸ் குளோஸ் என்ற நிலத்தடி முடுக்குக்குச் சீட்டு வாங்கித்தான் போக முடியும். சுவையான இடம்தான். ஆனால் மேலே இத்தனை முடுக்குகள் சும்மா திறந்து கிடக்கும்போது முதல் பயணத்திலேயே அது தேவையில்லை என்பது என் எண்ணம். பேய்ச் சுற்றுலா உங்கள் விருப்பம்.

எந்த மாதம், எந்தக் கிழமை

புதிய நகரத்தை நான் தனித் தேர்வாக வைக்கவில்லை. கட்டடக்கலை படிப்பவர் அல்லாதவர்களுக்கு ஒரு மணி நேர நடை போதும். மவுண்டில் உள்ள தேசிய ஓவியக்கூடம் இலவசம் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள், திடீர் மழைக்கு உதவும்.

காலை பத்து மணிக்கு வேவர்லியில் இறங்குவதாக வைத்துக்கொண்டால், முதலில் கோட்டை வாசல்வரை ஏறிவிட்டு இறக்கமாகவே நடப்பது காலுக்கு நல்லது. லான்மார்க்கெட் முற்றங்கள், புனித ஜைல்ஸ் பேராலயம், கேனன்கேட், தோட்டத்தில் சாப்பாடு. எதிரே அடிவாரத்தில் நாடாளுமன்றக் கட்டடம் இருக்கிறது. உள்ளே போக இலவசம், ஞாயிறு மூடியிருக்கும். பிறகு கௌகேட் பள்ளம் வழியாக மேற்கே வந்து அருங்காட்சியகம், கல்லறை, வெனல் படிக்கட்டு. அருங்காட்சியகம் ஐந்து மணிக்கு மூடிவிடும் என்பதால் இரண்டரைக்குள் உள்ளே நுழைந்துவிடுங்கள். இருட்டுவதற்கு முன் கால்டன் ஹில்.

டிசம்பரில் இந்த வரிசை சரிப்படாது. மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கல்லறையையும் முடுக்குகளையும் காலையிலேயே முடித்துவிட்டு, இருட்டிய நேரத்தை அருங்காட்சியகத்துக்கு வையுங்கள். மலையை மறந்துவிடுங்கள். ஜூனில் இரவு பத்துவரை வெளிச்சம் இருப்பதால் மலையையும் மாலையில் சேர்த்துக்கொள்ளலாம். முடுக்குகளா மலையா என்ற சண்டைக்கே வேலையில்லாத ஒரே பருவம் அது.

ஆகஸ்டில் ஃபிரிஞ்ச் கலைவிழா. 1947இல் தொடங்கியது. ராயல் மைல் முழுக்கத் தெருக்கலைஞர்களும் துண்டறிக்கை நீட்டுபவர்களும் நெருக்கியடிப்பார்கள். அந்த மாதம் முடுக்குகளைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். கோட்டையிலும் கூட்டம் தாங்காது. ஆகஸ்டில் போனால் வரலாற்றைத் தள்ளிவைத்துவிட்டு இலவச நிகழ்ச்சிகளைப் பாருங்கள், இரவு தங்க நினைக்காதீர்கள். அறை வாடகை மற்ற மாதங்களைப் போல இருக்காது. கிளாஸ்கோவுக்கு நள்ளிரவு தாண்டியும் பேருந்து உண்டு.